ஜன்னல் கண்ணாடி சொல்லும் சாட்சி

 

இந்த மாதச் சுவர் இதழில் நான் எழுத எடுத்துக்கொண்டது கண்ணாடி பற்றி. முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை, ஜன்னல் கண்ணாடி. அதிலும் துருக்கி நாட்டில் உதுமானிய சுல்தான்கள் ஆண்ட காலத்து ஜன்னல் கண்ணாடி. "அது எங்கேயோ இருக்கு, நமக்கு எதுக்கு?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. முதலில் நான் எல்லோர் முன்னாலும் தோற்றுப்போன கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் தோற்ற கதை

நம் பள்ளி நூலக அலமாரிக்கு மூன்று தள்ளு கண்ணாடிகள் உண்டு. நேராகப் பார்த்தால் மூன்றும் ஒன்று போலத்தான் இருக்கும். பக்கவாட்டில் விளிம்பைப் பார்த்தால் இரண்டு வெளிர் பச்சை, ஒன்று மட்டும் கரும்பச்சை. ஒரு நாள் அறிவியல் பாடவேளையில், "இதுல எது பழசு?" என்று டீச்சர் கேட்டாங்க. நான் டக்கென்று எழுந்து, "கரும்பச்சைதான் டீச்சர் பழசு. நாளாக ஆக கண்ணாடி பச்சை ஆயிடும்" என்று சொன்னேன். நான் அடித்துச் சொன்னதால் வகுப்பே நம்பிவிட்டது.

அந்த நேரம் பார்த்து வாசலில் சத்துணவு ஆயா வந்தாங்க. "அது போன வருஷம் மாத்துனது தாயி! பந்து பட்டு உடைஞ்சுதே, மறந்துட்டியா? மத்த ரெண்டும்தான் ஆதியில இருந்து இருக்கு" என்று சிரித்தாங்க. வகுப்பே சிரித்தது. எனக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

மாலையில் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "தப்பாச் சொன்னது தப்பில்ல. எப்படித் தெரியும்னு யோசிக்காம சொன்னதுதான் தப்பு. ஆயா மாதிரி பார்த்தவங்க யாருமே உயிரோட இல்லைன்னா ஒரு கண்ணாடியோட வயசை எப்படிக் கண்டுபிடிப்பாங்க? படிச்சு எழுது" என்று சொன்னாங்க. அப்படிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

உதுமானிய ஜன்னல் எப்படி இருக்கும்?

உதுமானியப் பேரரசு சுமார் 1299-இல் தொடங்கி 1922 வரை இருந்தது. 1453-இல் இஸ்தான்புல் நகரம் அவர்கள் கைக்கு வந்தது. அங்கே சுலைமான் சுல்தானுக்காக சினான் என்ற பெரிய கட்டடக் கலைஞர் 1550 முதல் 1557 வரை கட்டியதுதான் சுலைமானியா பள்ளிவாசல். அதில் தொழுகை செய்பவர்கள் முகம் பார்த்து நிற்கும் சுவரில் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் இருக்கின்றன. அவற்றை இப்ராஹிம் என்ற கலைஞர் செய்ததாக வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

ஐரோப்பாவின் பழைய தேவாலயங்களில் கண்ணாடித் துண்டுகளை ஈயக் கம்பியால் சேர்ப்பார்கள். உதுமானியர் வழி வேறு. ஜிப்சம் சாந்தைப் பலகை போல வார்ப்பார்கள். அது முழுசாகக் காயும் முன்னே பூ, கொடி, எழுத்து என்று ஓட்டை ஓட்டையாகச் செதுக்குவார்கள். பின்பக்கம் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு சன்னமான கண்ணாடித் துண்டு வைத்து, மறுபடி சாந்து பூசி ஒட்டுவார்கள். ஜன்னல் உயரத்தில் இருக்கும், பார்ப்பவர் கீழே நிற்பார் அல்லவா? அதனால் ஓட்டைகளைக் கீழ்நோக்கிச் சாய்வாகச் செதுக்குவார்கள். அப்போதுதான் வெளிச்சம் நம் கண்ணுக்கு வந்து சேரும். எவ்வளவு யோசனை பாருங்கள்!

இந்த வண்ண ஜன்னல் உள்பக்கம். மழை, காற்றைத் தாங்க வெளிப்பக்கம் இன்னொரு ஜன்னல் உண்டு. அதில் வட்ட வட்டமான கண்ணாடிகள் இருக்கும். அதற்குத் துருக்கி மொழியில் வைத்த பெயருக்கு "யானைக் கண்" என்று அர்த்தமாம்!

அப்படியென்றால் என்ன சிக்கல்?

ஜிப்சம் கெட்டி இல்லை. கண்ணாடியோ சன்னம். இஸ்தான்புல் அடிக்கடி நிலநடுக்கம் வரும் ஊர். 1509, 1766, 1894 ஆகிய ஆண்டுகளில் பெரிய நிலநடுக்கங்கள் வந்தன. உடைந்த இடத்தில் அந்தந்தக் காலத்தில் கிடைத்த கண்ணாடியைப் போட்டுச் சரிசெய்தார்கள். ஆக, ஒரே ஜன்னலில் 400 வருஷத்துக் கண்ணாடியும், 100 வருஷத்துக் கண்ணாடியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். நம் நூலக அலமாரி மாதிரியே!

இப்போது பழுது பார்க்க ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். "இது புதுசு போல இருக்கு" என்று நினைத்து 1557-ஆம் வருஷத்துக் கண்ணாடியைக் குப்பையில் போட்டுவிட்டால்? போனது போனதுதான். அல்லது நேற்று செய்ததை "பழையது" என்று அருங்காட்சியகத்தில் வைத்தால்? வருகிறவர்கள் எல்லோரும் பொய்யைப் படித்துவிட்டுப் போவார்கள். அதனால்தான் சோதனை தேவைப்படுகிறது.

கண்ணாடியில் என்ன இருக்கிறது?

கண்ணாடிக்கு மூன்று முக்கியப் பொருள்கள்.

1. மணல் அல்லது வெள்ளைக் கல். இதில்தான் சிலிக்கா இருக்கிறது.

2. உருகவைக்கும் பொருள். தனியாகச் சிலிக்காவை உருக்க 1,700 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். அந்தக் காலத்து விறகு உலையில் அது நடக்காது. சோடாவோ பொட்டாஷோ சேர்த்தால் குறைந்த சூட்டிலேயே உருகும்.

3. சுண்ணாம்பு. இது இல்லையென்றால் கண்ணாடி தண்ணீரில் மெல்லக் கரைந்துபோகும்.

இந்த இரண்டாவது பொருளில்தான் துப்பு கிடைக்கிறது. ரோமானியர் காலத்தில் எகிப்தில் ஏரியோரம் படியும் நேட்ரான் என்ற இயற்கைச் சோடாவைப் பயன்படுத்தினார்கள். பிறகு மேற்கு ஆசியாவில் உப்பு மண்ணில் வளரும் செடிகளை எரித்து அந்தச் சாம்பலைப் போட்டார்கள். மத்திய ஐரோப்பாவில் காட்டு மரச் சாம்பல். 1791-இல் பிரான்சில் லெப்லாங் என்பவர் சாதாரண உப்பிலிருந்து சோடா செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 19-ஆம் நூற்றாண்டில் கண்ணாடிக்காரர்கள் மெல்ல மெல்ல அந்தத் தொழிற்சாலைச் சோடாவுக்கு மாறினார்கள்.

சாம்பல் என்றால் அதில் சோடா மட்டுமா இருக்கும்? செடி மண்ணிலிருந்து உறிஞ்சிய மக்னீசியம், பொட்டாசியம் எல்லாமே இருக்கும். மக்னீசியம் ஆக்சைடும் பொட்டாசியம் ஆக்சைடும் ஒவ்வொன்றும் சுமார் 1.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது செடிச் சாம்பல் கண்ணாடியாக இருக்கும். இரண்டும் குறைவு என்றால் நேட்ரான் அல்லது தொழிற்சாலைச் சோடா. பொட்டாசியம் ரொம்ப அதிகம், சோடியம் குறைவு என்றால் மரச் சாம்பல். சமையலில் உப்பைப் போட்டவர் யார் என்று ருசி பார்த்துச் சொல்வது மாதிரிதான்!

வெனிஸ் நகரத்துக் கண்ணாடிக்காரர்கள் செடிச் சாம்பலை மேற்கு ஆசியாவில் இருந்து கப்பலில் வரவழைத்தார்கள். ஆனால் மணலுக்குப் பதில் ஆற்றில் கிடைக்கும் சுத்தமான வெள்ளைக் கூழாங்கல்லை இடித்துப் போட்டார்கள். அதனால் அவர்கள் கண்ணாடியில் அலுமினியம், டைட்டானியம், இரும்பு போன்றவை குறைவு. இது எதற்கு முக்கியம் என்றால், உதுமானியர்கள் வெனிஸிலிருந்தும் கண்ணாடிப் பொருள் வாங்கினார்கள். 1569-இல் சோகொல்லு மெஹ்மத் பாஷா என்ற தலைமை அமைச்சர் பள்ளிவாசலுக்காக 900 விளக்குகள் வேண்டும் என்று வெனிஸ் தூதர் மூலம் சொல்லி அனுப்பினார். ஆகவே ஒரு துண்டு இஸ்தான்புல்லில் கிடைத்தாலே அது அங்கே செய்தது என்று சொல்லிவிட முடியாது.

நிறம் சொல்லும் கதை

நீலம் – கோபால்ட். மிகச் சிறிதளவு போதும், நல்ல நீலம் வரும்.
பசும்நீலம் – செம்பு.
சிவப்பு – இதுவும் செம்புதான்! உலையில் ஆக்சிஜன் குறைவாக இருந்தால் அதே செம்பு சிவப்பைத் தரும்.
பச்சை – இரும்பு அல்லது செம்பு, பிற்காலத்தில் குரோமியம்.
ஊதா – மாங்கனீசு.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். குரோமியம் என்ற தனிமத்தை பிரான்சு விஞ்ஞானி வோக்லின் 1797-இல்தான் கண்டுபிடித்தார். யுரேனியத்தை ஜெர்மனியின் கிளாப்ரோத் கண்டுபிடித்தது 1789-இல். மஞ்சள் பச்சையான யுரேனியக் கண்ணாடி 1830-களில் பரவியது. ஆகவே 1557-ஆம் வருஷத்து ஜன்னல் என்று சொல்லப்படும் ஒன்றில் நிறம் தரும் அளவுக்கு குரோமியம் இருந்தால், அந்தத் துண்டு பின்னால் போட்டது என்று தைரியமாகச் சொல்லலாம். ("நிறம் தரும் அளவுக்கு" என்பதைக் கவனியுங்கள். மணலிலேயே துளியூண்டு குரோமியம் இருக்கும். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.)

நீலத்திலும் ஒரு துப்பு இருக்கிறது. ஜெர்மனியின் சாக்சனி மலைப் பகுதியில் எடுத்த கோபால்ட்டோடு நிக்கல் சேர்ந்து வரும். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதிக்குப் பிறகு அதைப் பயன்படுத்திய கண்ணாடிகளில் ஆர்செனிக்கும் சேர்ந்தே காணப்படுகிறது. எங்கோ ஒரு ஜெர்மன் மலைச் சுரங்கம் ஒரு நீலத் துண்டுக்குள் கையெழுத்துப் போட்டிருக்கிறது!

எப்படிச் சோதிக்கிறார்கள்?

முறை 1: ஒளியை ஊடுருவவிட்டுப் பார்ப்பது. கண்ணாடி எந்த எந்த நிறத்தை விழுங்குகிறது என்று கருவி வரைபடம் போடும். கோபால்ட், செம்பு, குரோமியம் ஒவ்வொன்றுக்கும் வரைபடம் வேறு வேறு. கண்ணாடிக்கு ஒரு கீறலும் விழாது.

முறை 2: எக்ஸ் கதிர் ஒளிர்வு. கையில் பிடிக்கும் கருவியே இருக்கிறது. எக்ஸ் கதிர் பட்டதும் அணுவின் உள்கூட்டில் இருக்கும் எலக்ட்ரான் ஒன்று வெளியே தள்ளப்படும். காலியான இடத்துக்கு வெளிக்கூட்டு எலக்ட்ரான் இறங்கி வரும். இறங்கும்போது மிச்சமான ஆற்றலை வேறொரு எக்ஸ் கதிராக விடும். அந்த ஆற்றல் தனிமத்துக்குத் தனிமம் மாறும். நம் வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டதும் ஒவ்வொருவரும் "உள்ளேன் அம்மா" என்று தன் தன் குரலில் சொல்வது மாதிரி.

இதிலும் குறை உண்டு. சோடியத்தின் எக்ஸ் கதிர் மிகவும் மெலிந்தது, காற்றே அதை விழுங்கிவிடும். அதனால் கைக்கருவிக்குச் சோடியம் தெரியாது. இரும்பின் இரண்டாவது கோடும் கோபால்ட்டின் முதல் கோடும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும், ஏமாந்துவிடலாம். அதோடு கண்ணாடியின் மேல்தோல் ஈரத்தால் அரித்திருக்கும். சோடியமும் பொட்டாசியமும் வெளியேறிப் போயிருக்கும். மேல்தோலை மட்டும் பார்த்தால் தப்புக் கணக்குதான் வரும்.

முறை 3: லேசர் கதிரால் தலைமுடி கனத்துக்கு ஒரு புள்ளி தோண்டி, வரும் ஆவியை நிறை நிரல்மானி என்ற கருவிக்குள் அனுப்புவது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலும் கண்டுபிடித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத காயம்தான். இருந்தாலும் காயம் காயம்தானே? அதனால் முறை 1, முறை 2 முடித்து, தேவை இருந்தால்தான் இதற்கு வருவார்கள்.

இத்தனையும் செய்த பிறகும் அவசரப்படக் கூடாது. உடைந்த பழைய கண்ணாடியைப் புதுக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கும் வழக்கம் எல்லாக் காலத்திலும் உண்டு. பழைய கண்ணாடித் துண்டைப் புது ஜிப்சத்தில் வைத்து ஒட்டுவதும் உண்டு. கண்ணாடியின் வயசு வேறு, ஜன்னலின் வயசு வேறு.

கட்டத்துக்குள்: ஒரு தவறான நம்பிக்கை

"கண்ணாடி ஒரு திரவம். பழைய ஜன்னல் கண்ணாடி மெல்ல வழிந்து கீழே தடித்துவிடும்" என்று பலர் சொல்வார்கள். இது சரியில்லை. 1998-இல் பிரேசில் நாட்டு விஞ்ஞானி சனோட்டோ கணக்குப் போட்டு, சாதாரண வெப்பநிலையில் கண்ணுக்குத் தெரிகிற அளவு வழிய, இந்த உலகத்தின் வயசே போதாது என்று காட்டினார். அந்தக் காலத்தில் வாயால் ஊதிச் செய்ததால் கண்ணாடி ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருந்தது. அவ்வளவுதான்.

மோஸ்லி என்ற அண்ணன்

முறை 2-க்கு வழி காட்டியவர் யார் தெரியுமா? ஹென்றி மோஸ்லி. 1887-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். ரூதர்போர்டிடம் மான்செஸ்டரில் வேலை பார்த்தவர். 1913-இல் ஒவ்வொரு தனிமமும் விடும் எக்ஸ் கதிரை அளந்து, அது அணு எண்ணைப் பொறுத்து ஒழுங்காக மாறுகிறது என்று கண்டுபிடித்தார். நாம் தனிம வரிசை அட்டவணையை அணு எண்படி மனப்பாடம் செய்கிறோமே, அந்த வரிசைக்கு ஆதாரம் தந்தவர் இவர்தான். 43, 61, 75 ஆகிய இடங்கள் காலியாக இருக்கின்றன, அங்கே தனிமங்கள் இருந்தாக வேண்டும் என்று சொன்னார். பின்னாளில் அத்தனையும் கிடைத்தன.

முதல் உலகப் போர் வந்தது. போக வேண்டாம் என்று வீட்டில் சொல்லியும் ராணுவத்தில் சேர்ந்தார். 1915 ஆகஸ்ட் 10 அன்று கலிப்போலி போர்க்களத்தில் குண்டு பட்டு இறந்தார். வயது 27தான்.

கலிப்போலி எங்கே இருக்கிறது? துருக்கியில். எதிரே நின்று போரிட்டது எந்தப் படை? உதுமானியப் படை!

இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். சுட்ட சிப்பாயும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான், தன் மண்ணைக் காக்க நின்றவர்தான். இவருக்கு அவர் யாரென்று தெரியாது, அவருக்கு இவர் யாரென்று தெரியாது. ஆனால் அன்று இறந்துபோன அந்த அண்ணன் கண்டுபிடித்த வழியில்தான் இன்று உதுமானியர் கட்டிய ஜன்னல்களில் எது அசல் என்று பார்த்து, அதைக் குப்பைக்குப் போகாமல் காப்பாற்றுகிறார்கள். போர் ஒரு உயிரை எடுத்துக்கொண்டது. அறிவு அந்த ஊருக்கே உதவி செய்கிறது. இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

மறுபடி நம் அலமாரிக்கு

விளிம்பு ஏன் பச்சை? மணலில் உள்ள இரும்பால். நேராகப் பார்க்கும்போது ஒளி சில மில்லிமீட்டர் கண்ணாடியைத்தான் தாண்டுகிறது. விளிம்பு வழியே பார்த்தால் முழு அகலத்தையும் தாண்டி வருகிறது. அதனால் லேசான பச்சையும் கரும்பச்சையாகத் தெரிகிறது. இரும்பு கூட இருந்தால் பச்சை கூட. இது மணலைப் பொறுத்தது, வயசைப் பொறுத்தது இல்லை. நான் நிறத்தைப் பார்த்து வயசு சொன்னது தப்பு என்று இப்போது எனக்குக் காரணத்தோடு தெரியும். காரணம் தெரிந்து தோற்றால் வலிக்கவில்லை!

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று பாட்டி சொல்வாங்க. அதைத்தான் கருவி வைத்துச் செய்கிறார்கள். ஆனால் கருவி மட்டும் போதாது. பழைய கணக்குப் புத்தகங்கள், கடிதங்கள், பார்த்தவர்கள் சொன்னது எல்லாம் சேர்ந்தால்தான் வழக்கு முடியும். 900 விளக்கு விஷயம் எழுதி வைத்ததால்தானே நமக்குத் தெரிந்தது?

அதனால் நானும் என் தோழிகளும் ஒரு வேலை செய்தோம். ஆயாவிடம் போய், எந்தக் கண்ணாடி எப்போது போட்டது என்று மறுபடி பொறுமையாகக் கேட்டோம். அதை ஒரு சீட்டில் எழுதி, தேதி போட்டு, சொன்னவர் "சத்துணவு ஆயா" என்றும் எழுதி, டீச்சர் அனுமதியோடு அலமாரியின் பின்பக்கம் ஒட்டிவிட்டோம். நூறு வருஷம் கழித்து யாராவது ஒரு பெண் "கரும்பச்சைதான் பழசு" என்று சொல்லித் தோற்காமல் இருக்கட்டும்! அன்று சிரித்த ஆயா இந்த முறையும் சிரித்தாங்க. ஆனால் சீட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என் பேச்சையும் எழுதி வச்சிட்டியா தாயி" என்று கேட்டாங்க.

செய்து பாருங்கள்: வீட்டில் உள்ள பாட்டில், தம்ளர், மேசைக் கண்ணாடி ஆகியவற்றின் விளிம்பை வெள்ளைத் தாள் மேல் வைத்துப் பாருங்கள். எது பச்சை, எது நீலம், எது நிறமே இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். உடைந்த கண்ணாடியைக் கண்டிப்பாகத் தொடக் கூடாது.

சிந்திக்கச் சில கேள்விகள்

1. ஒரே செம்பு எப்படிச் சிவப்பும் தரும், பசும்நீலமும் தரும்?

2. 1557-ஆம் ஆண்டு ஜன்னலில் உள்ள ஒரு துண்டில் நிறம் தரும் அளவு குரோமியம் இல்லை. அதனால் அது அசல்தான் என்று சொல்லலாமா? (நன்றாக யோசித்து எழுதவும். நான் முதலில் இதிலும் தப்பாகத்தான் சொன்னேன்!)

3. கைக்கருவி ஏன் சோடியத்தைக் காட்டுவதில்லை?

விடை எழுதியவர்கள் சீட்டை சுவர் இதழ்ப் பெட்டியில் போடவும். சரியான விடை எழுதுபவர்களின் பெயர் அடுத்த மாத இதழில் வரும்.

பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு, எங்கே என்று சொல்லவும். திருத்திக்கொள்வேன்.

– 9-ஆம் வகுப்பு மாணவி